எழுத்தாளரின் நூலுரிமையை என்ன செய்வது? வாரிசுகள் முன்னுள்ள வழிகள்

எழுத்தாளர் ஒருவர் மறைந்தபின் அவருடைய குடும்பத்துக்கு வந்து சேரும் சொத்துகளில், ஒரு நாள் தானாகவே இல்லாமல் போகும் என்று சட்டம் முன்கூட்டியே நாள் குறித்து வைத்திருப்பது நூலுரிமை ஒன்றுதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் அது வாரிசுகளிடம் இருக்கும். அதன்பின் அந்நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 இறுதியில் அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போகவிருந்த வேளையில் பத்து ஆண்டுகள் கூட்டப்பட்டன. ஒரு கவிஞரை முன்னிட்டு வந்த அந்த நீட்டிப்பு, மறுபதிப்புக்கே வழியில்லாமல் கிடந்த ஆயிரக்கணக்கான சிறிய எழுத்தாளர்களின் நூல்களையும் மேலும் பத்து ஆண்டுகள் பூட்டிவைத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த 60 ஆண்டுகளில் உரிமையை எப்படிக் கையாள்வது என்பதைத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை முடிவு செய்வதே இல்லை. முடிவெடுக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். நூலுக்கு அதுவே மிகக் கேடானது. ஒரு கதையை மறுபடி அச்சிட விரும்பும் பதிப்பாளர் யாரிடம் ஒப்புதல் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிடுகிறார். மகன்கள் ஓர் ஊரிலும் மகள்கள் வேறு நாட்டிலும் இருக்க, ஒருவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர் போடுவதில்லை. ஆகவே இக்கட்டுரை, புகழின் உச்சியிலிருந்த சிலரை விட்டுவிட்டு, பதினைந்து இருபது நூல்கள் எழுதி, அவற்றில் இரண்டு மூன்றை மட்டும் இன்றும் வாசகர்கள் கேட்கும் நிலையிலுள்ள ஓர் எழுத்தாளரின் குடும்பத்தை மனத்தில் வைத்து, அதன் முன்னுள்ள வழிகளை ஒப்பிடுகிறது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். பொதுநலன் என்ற பெயரில் இங்கே பெரும்பாலும் பேசப்படுவது, நூல் எல்லோருக்கும் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது மட்டுமே. அது பொதுநலனில் பாதி. கிடைக்கும் நூல் ஆசிரியர் எழுதிய பாடத்தோடு, அதாவது அவர் எழுதிய சொற்கள் மாறாமல், கிடைக்க வேண்டும் என்பது மறுபாதி. இவ்விரண்டையும், குடும்பத்தின் வருவாயையும் சேர்த்து மூன்றாக வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த ஒரு வழியும் மூன்றையும் முழுமையாகத் தருவதில்லை என்பது விரைவில் விளங்கிவிடும்.

முதலில், உரிமையைக் குடும்பமே வைத்துக்கொள்வது. இதைப் பொதுநலனுக்கு எதிரானது என்று சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. அது அவசர முடிவு. உரிமை குடும்பத்திடம் இருக்கும்போதே சட்டம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் கதவுகள் சில உண்டு. ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் படியெடுத்துக்கொள்ளலாம். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ஒளிப்படிக் கடை ஒன்றின்மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் இந்த விதிவிலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. பார்வைக் குறைபாடுடையோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தருவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே, உரிமையைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் கல்வியை முடக்கிவிடுகிறது என்பது மிகைக்கூற்று. அது உண்மையில் தடுக்கக்கூடியவை மறுபதிப்பு, மின்னூல், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் ஆகியவை. இவற்றில்தான் வருவாயும் இருக்கிறது.

அந்த வருவாய் எவ்வளவு? 200 ரூபாய் விலையுள்ள ஒரு நாவலுக்கு வழக்கமான பத்து விழுக்காடு என்றால் படிக்கு 20 ரூபாய். தமிழ்ப் பதிப்புலகில் ஒரு பதிப்புக்கு நெடுநாள் வழக்கமாயிருந்த 1,200 படிகளும் விற்றுத் தீர்ந்தால் 24,000 ரூபாய். அது தீர மூன்று ஆண்டுகள் பிடித்தால் ஆண்டுக்கு 8,000 ரூபாய். நூலகத் துறை வாங்கும் ஆண்டில் கணக்கு மாறும். பாடநூலாகச் சேர்ந்தால் இன்னும் மாறும். ஆனால் தொகுப்பிலுள்ள மற்ற பன்னிரண்டு நூல்களுக்கு இந்த 8,000கூட வராது. தேவைக்கேற்ப நூறு இருநூறு படிகள் மட்டும் அச்சிடும் முறை பரவியபின் பதிப்பாளரின் இழப்பு குறைந்தது. வாரிசுகளின் வருவாய் கூடிவிடவில்லை.

எனவே உரிமையை வைத்துக்கொள்வதற்கு வருவாயைவிட வலுவான காரணம், பாடத்தைக் காக்கும் வாய்ப்பே ஆகும். வீட்டில் யாராவது ஒருவர் கையெழுத்துப் படியையும், இதழில் வந்த வடிவத்தையும், ஆசிரியர் தம் கைப்படத் திருத்திய முதற்பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை உள்ளவராக இருந்தால், அந்த ஒருவருக்காகவே உரிமையைக் குடும்பம் வைத்துக்கொள்ளலாம். கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் நூல்களை நாட்டுடைமையாக்க, அதாவது உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்க, 2009இல் தமிழ்நாட்டு அரசு முன்வந்தபோது இரு குடும்பங்களும் ஏற்கவில்லை. இருவர் குடும்பத்தினரும் சொந்தமாகப் பதிப்பகம் நடத்துபவர்கள். நூல்கள் அச்சில் இருந்தன. மறுத்ததில் தவறு காண எனக்கு இடமில்லை.

பதிப்பகத்துக்கு உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவது இரண்டாம் வழி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: செய்யாதீர்கள். பணத் தேவை நெருக்கும்போது ஒரு தொகைக்கு எல்லாவற்றையும் கொடுத்த குடும்பங்களின் நிலை, பின்னர் அந்தப் பதிப்பகம் மூடப்பட்டாலோ கைமாறினாலோ என்ன ஆனது என்பதைப் பதிப்புத் துறையில் உள்ளவர்கள் அறிவார்கள். ஆனால் முன்பே கொடுத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படிப்பது நல்லது. எழுத்து வடிவில் கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கே என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால், ஆவணம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். பழைய நூலின் பதிப்பு விவரப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று அதில் அச்சிட்டிருந்தால் பதிப்பகமே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

நாட்டுடைமையாக்கம் மூன்றாம் வழி. தமிழ்நாட்டுக்கே உரிய ஏற்பாடு என்று சொல்லத்தக்க இதன் தொடக்கம் பாரதியில் இருக்கிறது. அவர் 1921இல் மறைந்தபின் நூல்களின் உரிமை ஒரு பக்கமும், பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தன. இசைத்தட்டு உரிமை ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் திரைப்படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்தபோது மெய்யப்பன் தரப்பு ஆட்சேபித்தது. தேசியக் கவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்ற கொதிப்பு அதிலிருந்து எழுந்து, பாரதியை விடுவிக்கக் கோரும் இயக்கமாயிற்று. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. மெய்யப்பன் தொகை எதுவும் பெறாமல் தம் பங்கைக் கொடுத்தார். பாரதியின் குடும்பத்தினருக்கு அரசு பணம் அளித்தது.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் இன்றைய முடிவுக்குப் பாடமாகக் கொள்ள வேண்டும். வாங்கிய உடனே அரசு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. அறிஞர் குழு அமைத்துத் தானே பதிப்பிக்க முற்பட்டது. அப்பணி மெதுவாக நடந்தது. வாசகர்களின் தேவை வேகமாக இருந்தது. 1955இல்தான் யாரும் அச்சிடலாம் என்றாயிற்று. அதன் பிறகு பாரதி எல்லா விலையிலும் எல்லா ஊரிலும் கிடைத்தார். ஆனால் எழுதிய காலவரிசையில், வெளிவந்த இதழ் விவரத்தோடு, அவருடைய படைப்புகள் முழுவதும் வருவதற்குச் சீனி. விசுவநாதன் என்ற தனி மனிதரின் வாழ்நாள் உழைப்பு வேண்டியிருந்தது. திறந்துவிட்டதால் மலிவுப் பதிப்புகள் உடனே பெருகின. செம்மையான பதிப்புக்கோ பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே சமயம், உரிமை யாரிடமாவது சிக்கியிருந்தால் சீனி. விசுவநாதன் ஒவ்வொரு தொகுதிக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றிருப்பார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று இப்பணி தமிழ் வளர்ச்சித் துறையின் வழியாக நடக்கிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் நூல்கள் இதுவரை இவ்வாறு பொதுவாக்கப்பட்டுள்ளன. குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் ஒரு தொகை ஒரே தவணையில் அளிக்கப்படுகிறது. 2024இல் மு. கருணாநிதியின் நூல்கள் தொகை எதுவும் பெறாமல் நாட்டுடைமையாயின. பத்து லட்சம் ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மேலே போட்ட கணக்கின்படி அது நாற்பது பதிப்புகளுக்கும் மேற்பட்ட வருவாய்க்குச் சமம். நாம் மனத்தில் வைத்திருக்கும் எழுத்தாளரின் எந்த நூலும் அத்தனை பதிப்பு காணப் போவதில்லை. பண வகையில் பார்த்தால் நடுத்தரப் புகழுள்ள எழுத்தாளரின் குடும்பத்துக்கு இது நல்ல பேரம்தான். பெரும்புகழ் பெற்றவரின் குடும்பத்துக்குத்தான் இழப்பு. ஆனால் கேட்பவர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தேர்ந்தெடுப்பது அரசு, அந்தத் தேர்வில் அந்தந்தக் காலத்து அரசியலும் கலந்தே இருக்கும்.

பொதுநலன் பக்கம் என்ன நடக்கிறது? 1954இல் மறைந்த கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமையாயின. இயல்பாக உரிமை முடிந்திருக்க வேண்டிய 2014க்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே ‘பொன்னியின் செல்வன்’ எல்லோருக்கும் உரியதாயிற்று. ஐந்து பாகங்களும் பல பதிப்பகங்களிலிருந்து போட்டி விலையில் வந்தன. மின்னூலும் ஒலிநூலும் வந்தன. பின்னர் திரைப்படமும் வந்தது. வாசகர் பெருகியதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கல்கி விதிவிலக்கு. பெயர் அவ்வளவு பரவாத ஓர் எழுத்தாளரின் நூல்கள் நாட்டுடைமையான பிறகு அவற்றை அச்சிட எந்தப் பதிப்பாளரும் முந்திக்கொண்டு வருவதில்லை. தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் தாம் செலவழித்துக் கொண்டுவரும் நூலை அடுத்த மாதமே இன்னொருவர் குறைந்த விலைக்குப் போடலாம் என்ற நிலையில் அவர்கள் தயங்குவது இயற்கை. விளைவாக, அந்நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் ஒளிவருடிய கோப்புகளாக இருக்கின்றன. அதுவே பெரிய உதவி. ஊரூராகப் பழைய நூலகங்களைத் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நூலகத்தின் முத்திரை எழுத்தின்மேல் விழுந்து, யாரோ பென்சிலால் கோடிட்டு, ஓரம் வெட்டுப்பட்ட ஒரு படியே அந்நூலின் நிலையான வடிவமாகிவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

அந்தக் கோப்பிலிருந்து எழுத்துணரி மென்பொருள் வழியாக உரையைப் பிரித்தெடுக்கும்போது நேர்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தமிழில் ‘ர’ என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் உருவ வேறுபாடு மிகச் சிறிது. ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகும். அது பொருளற்ற சொல்லாதலால் கண்ணில் பட்டுவிடும். ‘பாவை’ என்பது ‘பரவை’ ஆகிவிட்டால் அது கடலைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். மெய்ப்புப் பார்ப்பவர் கடந்து போய்விடுவார். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா, னா போன்றவை வேறு வடிவில் இருந்தமையால் பிழை இன்னும் பெருகும். கட்டற்ற இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்கிறார்கள். விற்பனைக்கு மட்டும் அவசரமாக அச்சிடும் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஒருவர் பதிப்பிலிருந்து மற்றவர் எடுத்துப் போடும்போது பிழையும் கூடவே போகிறது. குடும்பத்திடம் உரிமை இருந்திருந்தால் ஒரு கடிதத்தில் நிறுத்தியிருக்கலாம்.

நாட்டுடைமையான பின்பும் முற்றிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டுடைமை என்றொரு தனி வகை இல்லை. உரிமை அரசுக்கு மாற்றப்பட்டு, அரசு அதை எல்லோருக்கும் விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. 57ஆம் பிரிவு தரும் சிறப்புரிமைகள், அதாவது ஆசிரியர் என்று பெயர் குறிக்கப்படும் உரிமையும் ஆசிரியரின் மதிப்புக்கு ஊறு விளைவிக்கும் சிதைவைத் தடுக்கும் உரிமையும், உரிமை மாற்றத்துக்குப் பின்னும் தொடரும். அமர்நாத் சேகல் செய்த சுவர்ச் சிற்பத்தைத் தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்துப் பாழாக்கியதற்காக, அதன் உரிமையாளரான நடுவணரசே அவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஆனால் சிற்பம் பெயர்க்கப்பட்டது 1979இல், தீர்ப்பு வர இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாயிற்று என்பதையும், அச்சுப் பிழைகளைச் சிதைவு என்று நிறுவுவது எளிதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. நூலின் உரிமை பொதுவானாலும் அதிலுள்ள படங்களின் உரிமை பொதுவாகிவிடாது. ‘பொன்னியின் செல்வ’னுக்கு முதலில் படம் வரைந்த மணியம் 1968இல் மறைந்தார், ஓவியங்களுக்கும் வரைந்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்குதான். பிறர் எழுதிய முன்னுரை, பதிப்பாசிரியரின் குறிப்பு, அட்டை வடிவமைப்பு ஆகியவையும் தனித்தனி உரிமைகள். எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

நான்காம் வழி, உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் (கிரியேட்டிவ் காமன்ஸ்), அதாவது குறித்த நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே ஒப்புதல் தந்து, நூல்களை வெளியிடுவது. அரசின் தெரிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விரும்பிய நூலை மட்டும் கொடுக்கலாம். இதில் பணம் இல்லை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற முயற்சிகளில் இவ்வுரிமத்தோடு வரும் மின்னூல்களை யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம். ஈழத்து எழுத்தாளர்களின் குடும்பங்களுக்கு நாட்டுடைமை என்ற வாய்ப்பே இல்லாததாலும், இலங்கைச் சட்டத்தில் காலம் 70 ஆண்டுகளாக இருப்பதாலும், இவ்வகை ஒப்புதல் அங்கே இன்னும் இன்றியமையாததாகிறது. நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டிவருவதன் பின்னே, 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் நினைவு இருக்கிறது. இவ்வுரிமத்தில் வாரிசுகள் எடுக்க வேண்டிய நுண்ணிய முடிவு, வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதா இல்லையா என்பது. அனுமதிக்காவிட்டால் விக்கிமூலம் ஏற்காது. சிறு பதிப்பாளரும் தனி ஒப்புதல் கேட்டு வர வேண்டியிருக்கும். அனுமதித்தால் அச்சுப் பதிப்பில் ஒருவருக்கு மட்டும் உரிமை தர முடியாது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. எழுத்தாளர் உயிரோடிருந்து முற்றிலும் விட்டுவிட எண்ணினால், 21ஆம் பிரிவின்கீழ் பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்பு அனுப்பியோ பொது அறிவிப்பு வெளியிட்டோ உரிமையைத் துறக்கலாம். தமிழில் இதைச் செய்பவர் அரிது.

எல்லா நூல்களுக்கும் ஒரே வழியைத் தேட வேண்டும் என்ற எண்ணமே குடும்பங்களைத் தடுமாறச் செய்கிறது என்பது என் கருத்து. பதினைந்து நூல்களில் வாசகர் கேட்கும் இரண்டு மூன்றை, அச்சு, மின்னூல், ஒலிநூல், திரைப்படம் என உரிமையைத் தனித்தனியாகப் பிரித்து, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்தில் நல்ல பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம். நூல் ஓராண்டு அச்சில் இல்லாவிட்டால் உரிமை திரும்பும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதிவாங்குவது கட்டாயம். பதிப்பகம் எதுவும் தொடத் தயாராயில்லாத மற்றப் பன்னிரண்டையும் பொதும உரிமத்தில், வணிகப் பயன்பாட்டுக்கும் இடம் தந்து, உடனே வெளியிட்டுவிடலாம். வராத வருவாயைக் காப்பதற்காக நூலைப் பூட்டி வைப்பதில் பொருளில்லை. நாட்டுடைமையாக்கத்தை, வீட்டில் நூல்களைப் பேண ஆளில்லை, வாரிசுகளிடையே ஒற்றுமையும் நீடிக்காது, அரசும் முன்வருகிறது என்ற நிலை மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் ஏற்கலாம். ஆனால் முன்பே பொதும உரிமத்தில் விட்ட நூல்களையும் நடப்பு ஒப்பந்தங்களையும் துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எல்லா வாரிசுகளும் சேர்ந்து ஒருவருக்கு அதிகார ஆவணம் எழுதிக் கொடுப்பதும், நூல்வாரியாக முதற்பதிப்பு ஆண்டு, பதிப்பகம், ஒப்பந்தக் கடிதம் உண்டா இல்லையா என்ற பட்டியல் தயாரிப்பதும் அதன் முதற்பகுதி. ஆசிரியர் கடைசியாகத் திருத்திய படி எது என்று ஒவ்வொரு நூலுக்கும் குறித்து, அப்படியையும் இதழ்த் தொடர்களின் கத்தரிப்புகளையும் சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது அடுத்த பகுதி. இதை உரிமை கைமாறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மாறிய பிறகு மூலப்படியைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.